சாவியக்காவின் இடுப்புச் சாவி

கிடங்கு மேடைக்கு லாரி வந்து நின்றதுமே அதைக் கிளப்பும் சாவி, மேடையைக் கவனிக்கும் சாவியக்காவின் இடுப்புக்கு ஏறிவிடும். உள்ளே ஏறிய கடைசி ஆள் இறங்கும்வரை எமனே வந்து கேட்டாலும் தரமாட்டாள். அன்று கேட்டவனோ அவளுடைய சொந்த மாப்பிள்ளை.

"சரக்கு இறக்கியாச்சு, பின்கதவையும் தாழ் போட்டாச்சு. சாவியக் குடுங்க அத்தை!" என்று குதித்தான்.

"வீட்லதான் நீங்க மாப்ள, இங்க டிரைவர். நாலு பேர் ஏறினாங்க. மூணு பேர்தான் இறங்கினாங்க."

"அவன் டீ குடிக்கப் போயிருப்பான்!"

அவள் வாதாடவில்லை. சாவியால் லாரியின் தகரத்தை ஓங்கித் தட்டினாள். தகரத்தில் காதை வைத்தாள்.

உள்ளேயிருந்து, மெலிதாக, யாரோ திருப்பித் தட்டினார்கள்.

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஓடிப்போய்க் கதவைத் திறங்க," என்றாள். "மிச்சத்த அப்புறம் கத்தலாம்."