காசு கட்டிய பாட்டுக்கும் சிக்னல் கேட்கிறார்கள்

காசு வாங்கிய பாட்டு ஆப் இன்று என்னை ஏமாற்றிவிட்டது.

கரடியூரில் எங்கள் காப்பிக்காட்டில் சிக்னல் வராது. அதனால்தான் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டி, பாட்டுகளை டவுன்லோட் செய்து வைத்தேன். காலையில் போட்டால், இணையத்தில் இணையச் சொல்கிறது. ஒரு பாட்டும் பாடவில்லை.

பஸ் ஏறி, ஆப்பை ஏற்றித் தந்த ஏற்காட்டுச் செல்போன் கடைக்குப் போனேன்.

"மாசம் ஒருக்கா ஆப்பை நெட்டுல காட்டோணுமுங்க ஐயா, இல்லாட்டி டவுன்லோட் பண்ணுன பாட்டும் ஓடாதுங்க," என்றார் கடைக்கார பாய்.

"ஏனுங்க பாய், நான் உசுரோட இருக்கேன்னு பென்சன் ஆபீசுக்கே வருசம் ஒருக்காத்தானே காட்டறேன்!"

கடையில் சிக்னல் கிடைத்ததும் எல்லாப் பாட்டும் பாடின. இதற்காக மாதாமாதம் பஸ் ஏறவா பணம் கட்டினேன்?

இந்த விதியைக் கம்பெனி பணம் வாங்குமுன் சொல்ல வேண்டும். பாய் ஆப்பை ஏற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வருடம் நான் கட்டக் கூடாது. கட்டச் சொல்கிறவர்கள் ஒரு டவரோடு காட்டுக்கு வர வேண்டும்.