பட்டாசு ஆலை வாசலில் கேமரா

எதையாவது வேடிக்கை பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது. விசேஷ வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். சிவகாசிப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு காட்சி என்னை இழுக்கும். பட்டாசு ஆலை வேன்களிலிருந்து இறங்கும் பெண்கள் வரிசையாக நின்று, செல்போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். தீப்பெட்டிக்கு உள்ள தடைதான் போனுக்கும். சாயங்காலம் அத்தனை போன்களுக்கு நடுவே தன்னுடையதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

ஒருநாள் காலையில் நாரணாபுரம் அருகே ஓர் ஆலைக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். லென்ஸை நீட்டிப் பார்த்ததும் விடை கிடைத்தது. ஒரு போனில் சாமி ஸ்டிக்கர். இன்னொன்றில் மஞ்சள் கயிறு. மற்றொன்றைச் சுற்றி மத்தாப்புப் பெட்டியின் லேபிள். சந்தோஷமாகக் கிளிக்கினேன்.

எல்லோரும் உள்ளே போன பிறகு வாட்ச்மேன் சாலையைத் தாண்டி வந்தார்.

“யாரைக் கேட்டு எடுக்கீக? கார்டைக் கழட்டிக் குடுங்க.”

“ரோட்டுல நின்னுதான எடுத்தேன், அண்ணாச்சி. உள்ள காலே வைக்கலையே.”

கார்டில் முந்தைய நாள் எடுத்த காதுகுத்துப் படங்கள் இருந்தன. இன்னும் கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. இதைக் கொடுத்துவிட்டு அந்தக் குழந்தைக்கு மறுபடியுமா காது குத்தச் சொல்வது? கூடவே எனக்கு வீம்பும் ஏறிவிட்டது. பொதுச் சாலையில் நின்று எடுப்பவனிடம் கார்டைப் பிடுங்க வாட்ச்மேனுக்கு அதிகாரம் இல்லை, போலீஸே வந்தாலும் சட்டப்படிதான் வாங்க முடியும் என்று குரலை உயர்த்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

“அப்ப போலீஸைக் கூப்பிடுதேன்.”

“தாராளமா கூப்பிடுங்க.”

அரை மணி நேரம் இப்படியே போனது. சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள். ஒரு மினி பஸ் எங்களைக் கண்டு வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்தோறும் தலைகள் நீண்டன. ஆள் சேரச் சேர எனக்குத் தெம்பு கூடியது.

அப்போதுதான் வாசலில் இருந்த பெட்டிக்குள் ஒரு போன் அடித்தது. அது ஓய்வதற்குள் இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து அடித்தன. வாட்ச்மேனின் முகம் வெளுத்துவிட்டது.

“பாத்தீகளா? ஆலை வாசல்ல கேமராவும் கூட்டமும் நின்னா இந்த ஊர்ல என்ன அர்த்தம்? வெடிச்சிருச்சுன்னு அர்த்தம் சார். அன்னைக்குத்தான இங்கன கேமரா வரும்? பஸ்ஸுல போனவுக ஊருக்குச் சொல்லியிருப்பாக.”

நீட்டியிருந்த லென்ஸை அவசரமாக உள்ளே இழுத்தேன்.

ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே விட்டுவிட்டு ஓடிவந்தார். காலில் செருப்பில்லை.

“எந்த ரூமு? பதினாலா?”

ஆலைக்குள் ஒவ்வொரு வேலைக்கும் நம்பர் போட்ட தனித்தனி அறை உண்டு. பதினாலில் அவருடைய மனைவி வேலை பார்க்கிறாள்.

“ஒண்ணும் ஆகலைலே. இவுக சும்மா படம் எடுத்தாக,” என்றார் வாட்ச்மேன்.

பைக்கில் வந்தவர் நம்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவசர அவசரமாகக் கேமராவில் படங்களைத் தள்ளிக் காட்டினேன். மூன்றாவது படத்தில், “இவதான்,” என்றார். பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தபடி பெட்டியில் போனைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தா பாருங்க, நல்லாத்தான இருக்காங்க,” என்றேன்.

அவர் படத்தையே பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இது உள்ள போகுமுன்ன எடுத்தது, சார். இப்ப இருக்காளா?”

வாட்ச்மேன் உள்ளே ஓடினார். விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்பியிருக்க அவள் வந்து, “வேலையைக் கெடுத்துக்கிட்டு எதுக்கு இப்படி ஓடியாந்தீக?” என்று வையும்வரை, அந்த மனிதர் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை.