வலப்பக்கக் கடைவாய்ப் பல்

முட்டையைக் குலுக்கிப் பார்க்காமல் அந்த அம்மாள் வாங்கியதில்லை. பாலை முகர்ந்து பார்ப்பார். பால்காரரையும் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பார் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். விலங்குகளின் பற்களுக்கு அச்செடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி.

தழை தின்னும் குரங்கு பல்லை உரசி உரசி மெல்லும்; கீறல் விழும். கொட்டை தின்னும் குரங்கு நொறுக்கும், குழி விழும். அதை வைத்துத் தீனியைச் சொல்லிவிடுவார்.

உயிரியல் பூங்காவில் ஒரு கிழட்டுக் குரங்கு எலும்பும் தோலுமாகச் செத்துப்போனது. கொட்டையை விற்றுவிட்டு வெறும் தழையைப் போட்டுக் கொன்றுவிட்டார் என்று தீனிக்காரர் மேல் பழி. அவர் பூதக்கண்ணாடியின் தங்கை கணவர். மண்டையோடு தன்னிடம் வந்ததும் பூதக்கண்ணாடி உறவைச் சொல்லிவிட்டார்.

"பரவாயில்லம்மா, நீங்க பெத்த அப்பாவையே நம்பமாட்டீங்களாமே" என்றார் பூங்கா மேலாளர்.

தங்கை போனில் அழுதாள். "வேலை போயிடும்க்கா. நல்லதா எழுதிடு."

"உன் வீட்டுக்காரர் யோக்கியமான்னு குரங்கு சொல்லட்டும். போனை வை."

அங்கே வழக்கம், வலப்பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் அச்செடுப்பது. எடுத்தார். குழி ஒன்றுகூட இல்லை.

"நினைச்சேன்." கல்யாணத்தன்றே அந்த ஆள் சிரித்த சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது உறுத்தியது. குழி இல்லை, சரி. தழை தின்றிருந்தால் கீறல் எங்கே? கிழட்டுக் குரங்கின் பல் குட்டியின் பல்லைப் போலக் கூராக இருப்பானேன்? இந்தப் பல் எதையுமே மென்றதில்லை!

மண்டையோட்டைத் திருப்பினார். இடப்பக்கப் பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. அச்செடுத்தால் குழிமேல் குழி. வலப்பக்க மேற்பல் ஒன்று பிளந்து, வேர்வரை ஓட்டை. சுற்றி எலும்பே அரித்திருந்தது. வலி தாங்காமல் சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறது. கடைசியில் அதுவும் முடியவில்லை.

உடனே தன்மேலேயே சந்தேகம் வந்தது. தங்கைக்காக இப்படித் தெரிகிறதோ? எந்தக் குரங்கு என்று சொல்லாமல் இடப்பக்க அச்சை எதிர்மேசைக்காரியிடம் நீட்டினார்.

"கொட்டை தின்னிடி இது. இதுகூடத் தெரியலையா உனக்கு?"

மேலாளர் ஒப்பவில்லை. "குரங்குக்குப் பல்வலின்னு யாருக்குத் தெரியும்?"

"வாயைத் திறந்து பாத்திருந்தா தெரியும். நீங்க தீனிக்காரரோட பையைத்தானே திறந்து பாத்தீங்க?"

அதுதானே நடக்கிறது எங்கும்! குரங்கின் வாயைத் திறக்க மருத்துவர் வேண்டும், மயக்க ஊசி வேண்டும். கூலிக்காரன் பையைத் திறக்க ஒரு அதட்டல் போதும்.

வேலை பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார் தீனிக்காரர்.

"நீங்களாவது என்னை நம்பினீங்களே, அக்கா."

"யாரு நம்பினா?" பழத்தை முகர்ந்தார். "இது எங்க வாங்கினது தம்பி?"

கடைச் சீட்டு அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது.