எப்படி என்று கேட்காதே

அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் கை வைத்தால் சூடு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும். வெந்த தூசியின் மணமும், பக்கத்தில் திறந்தபடி கிடக்கும் பொரித்த ரோல்ஸ் பெட்டியின் எண்ணெய் மணமும் சேர்ந்ததுதான், பாரிஸின் லா சப்பலில் ரூ பஜோல் தெருவுக்குத் திரும்பும் மூலையில் இருந்த சிவம் மாமாவின் டிவிடி கடையில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தின் மணம். எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா ஞாயிறுகளிலும் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கப் போய்விடுவதால், அப்பா என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். ஆறேழு ஆண்கள் பெட்டிகளின் மேலும் கவிழ்த்த வாளிகளின் மேலும் உட்கார்ந்து, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு பொலிஸ் நாடகத்தை, அதிலும் ஒரே ஒரு பகுதியை, வாரம் தவறாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிவம் மாமாவின் மச்சான் லண்டனிலிருந்து அனுப்பிய டிவிடித் தட்டு அது. அதில் பேசும் ஆங்கிலத்தில் பத்தில் ஒன்றுகூட அவர்களுக்கு விளங்காது. அதைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் வெட்கம் இருந்ததில்லை. இன்ஸ்பெக்டருக்கு ‘கோட்டுக்காரன்’ என்றும், அவருடைய உதவியாளுக்கு ‘மொட்டை’ என்றும் பெயர் வைத்தார்கள். அந்தக் கதையில் துப்புத் துலக்குகிறவளே ஒரு பெண் பொலிஸ்தான். ஆனால் முதற்காட்சியில் அவள் கையில் ஒரு கோப்பை இருந்ததால் அவளுக்குத் ‘தேத்தண்ணிப் பெட்டை’ என்று பெயர் விழுந்தது. அவள் வரும் காட்சிகளில் வெறும் பேச்சுத்தான் என்று சொல்லி வேகமாக ஓட்டிவிடுவார்கள். கொலையை யார் செய்தது என்று இரண்டு மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். அது படத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அவர்கள் கும்பிட்டது சந்தேக நபரை. அவனுக்கு ‘வாய்ப்பூட்டு’ என்று பெயர். விசாரணை அறையில் அவன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கோட்டுக்காரன் மேசையில் அடித்து அடித்துக் கேட்பான். எந்தக் கேள்விக்கும் அவன் ‘நோ கொமென்ட்’ என்ற அதே இரண்டு சொற்களைச் சொல்வான். கீழே ஆங்கில எழுத்தில் அதே சொற்கள் ஓடும். “அந்த இடத்தை இன்னொருக்காப் போடு” என்று யாராவது சொல்ல, சிவம் மாமா பின்னுக்கு ஓட்டுவார்.

அந்தச் சொற்களுக்கு உரை எழுதியவர் லண்டன் ராசன். லண்டனில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்ததால் அந்தப் பட்டம். அந்த மூன்று மாதமும் ஒரு மரக்கறிக் கடையின் பின்னறையில் வெங்காயம் உரித்தவர் என்று அம்மா சொல்வார்.

“வடிவாப் பாருங்கோ. முதல் சொல்லு ‘நோ’. இல்லை, கூடாது எண்டு அர்த்தம். மற்றது ‘கொமோன்’, அச்சொட்டா அதே எழுத்து. இஞ்சை பிரெஞ்சிலை என்ன? ‘எப்படி.’ ‘எப்படி எண்டு கேக்காதை’ எண்டு சொல்லுறான். அதுதான் சட்டம். அதைச் சொன்னாப் பொலிஸ் மேலை கேக்கேலாது.”

“அவன் கொமென்ட் எண்டெல்லோ சொல்லுறான், அண்ணை?” என்று சிவம் மாமா ஒருமுறை இழுத்தார்.

“இங்கிலீஷ்காரனுக்கு எப்ப பிரெஞ்சு ஒழுங்கா வாயிலை வந்தது?”

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய முதல் வருடம் அது; பாடசாலை நூலகத்தின் தடித்த அகராதியில் அந்தச் சொல்லை நானே தேடிப் பார்த்திருந்தேன். “அது பிரெஞ்சு இல்லை, மாமா. ‘நான் ஒண்டும் சொல்ல விரும்பேல்லை’ எண்டுதான் அதுக்கு அர்த்தம்” என்றேன்.

“பாரடா, நேற்றுப் பள்ளிக்கூடம் போன பெட்டை எங்களுக்கு இங்கிலீஷ் படிப்பிக்கிறா!” என்றார் ராசன். “பிள்ளை, நீ போய் முன் கடையிலை ஏழு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வா.”

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். அம்மா அதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த முதல் ஆள் நான். வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பிரெஞ்சுக் கடிதத்தையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். அந்த நானே ஏழு தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தேன். இனி இந்த மூடர்களுக்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவர்கள் ஏன் அந்த இரண்டு சொற்களில் அப்படித் தொங்கினார்கள் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. ‘எப்படி’ என்பதுதான் அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவரும் பயந்த கேள்வி. எப்படி வந்தாய், எந்த வழியால் வந்தாய், யாருடைய பாஸ்போர்ட்டில் வந்தாய்? அகதி விண்ணப்பத்தில் ஒரு கதை எழுதியிருப்பார்கள். அதை எழுதிக் கொடுத்தவனுக்கே அது மறந்து போயிருக்கும்.

அந்த வருடம் அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமைக்கான நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. சண்டை முடிந்து ஊருக்குப் போகும் பாதை திறந்திருந்த காலம். ஆனால் அப்பாவின் அகதிப் பயணப் பத்திரம் இலங்கை தவிர்ந்த மற்ற நாடுகளுக்குத்தான் செல்லுபடியாகும். யாழ்ப்பாணத்தில் அவருடைய ஒரே தங்கைக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். தாத்தா இல்லாத வீட்டில், மணமேடையில் அவள் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அப்பா. “அண்ணை நசனலிட்டி எடுத்துக்கொண்டு வரட்டும், நான் பொறுத்திருக்கிறன்” என்று அத்தை தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

நான் ஒரு கொப்பியில் கேள்வி பதில் எழுதி அப்பாவைத் தயார்ப்படுத்தினேன். ஜனாதிபதி யார், கொடியில் என்ன நிறம் என்பதெல்லாம் அவர் பாடமாக்கிவிட்டார். ‘எப்படி வந்தீர்கள்’ என்ற பக்கம் வந்ததும் கொப்பியை மூடிவிட்டு, “அதுக்கு ராசன் ஒரு வழி சொன்னவர்” என்றார். நேர்முகத்தன்று காலை, கழுத்துப் பட்டியை இறுக்கியபடி, கண்ணாடிக்கு முன்னால் அவர் “நோ கொமோன், நோ கொமோன்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அவரைத் தடுக்க ஒரே ஒரு வசனம் போதும். ஏழு கோப்பைகள் நினைவுக்கு வந்தன. கயிற்றை முடிந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிறு அப்பா வாளியில் உட்காரவில்லை; சிவம் மாமாவின் கதிரையைக் கொடுத்தார்கள்.

“நேர்முகத்திலை கேள்வி கேட்ட மனுசி ‘கொமோன்’ எண்டு தொடங்கினா. நான் கையைக் கட்டிக்கொண்டு ‘நோ கொமோன்’ எண்டன். திரும்பக் கேட்டா. திரும்பச் சொன்னன். மூண்டாந்தரம் ஒவ்வொரு சொல்லாச் சத்தமாக் கேட்டா. நான் அசையேல்லை. பிறகு பேசாமல் எழுதத் தொடங்கீட்டா.”

“சட்டமடா!” என்று ராசன் தொடையில் அடித்தார். “வாய்ப்பூட்டே தோத்தான்!” என்று ஒருவர் கத்தினார். அந்தப் பெண்ணின் காதில் என்ன விழுந்திருக்கும் என்று அந்தக் கடையில் எனக்கு மட்டும் தெரிந்தது: ‘இல்லை, எப்படி?’ பிரான்ஸுக்கு எப்படி வந்தீர்கள்? இல்லை, எப்படி? கேள்வியே விளங்காத ஒரு மனிதன் கையைக் கட்டிக்கொண்டு அவளிடம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. வழக்கம்போல நான்தான் வாசித்தேன். விண்ணப்பதாரரின் பிரெஞ்சு மொழி அறிவு போதாது. இரண்டு வருடங்களுக்குப் பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம். “இனத்துவேசம்” என்று கடையில் தீர்ப்புச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வருடம் பொறுக்கவில்லை. அத்தையின் கலியாணம் ஒரு தட்டாக வந்து சேர்ந்தது. அதே தொலைக்காட்சியில், அதே வாளிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரியப்பாவின் மகன் அத்தையின் கையைப் பிடித்து நீர் வார்த்தபோது ஒருவரும் உரை சொல்லவில்லை. “அந்த இடத்தை இன்னொருக்காப் போடு” என்றார் அப்பா. சிவம் மாமா பின்னுக்கு ஓட்டினார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவர்கள்மேல் இருந்த இளக்காரம் போகவும் இல்லை, இன்றும் போகவில்லை.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. ரோல்ஸ் பெட்டியும், முதுகு சுடுகிற தொலைக்காட்சியும், தட்டுகளும் போய்விட்டன. ரசிகர்கள் மட்டும் வாட்ஸ்அப் குழுவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். லண்டன் ராசன் அங்கே, அதே பகுதியைப் பற்றி, ஆறு நிமிடக் குரல் செய்திகள் போடுகிறார். அப்பாவுக்கு இரண்டாம் முறை குடியுரிமை கிடைத்தது. ஊருக்குப் போய், அத்தையின் பிள்ளைகளுக்கு சொக்லேட் கொடுத்துவிட்டு வந்தார்.

போன ஞாயிறு பாரிஸின் புறநகரான பொண்டியில் எங்கள் வீட்டில் அவரும் நானும் அந்தப் பகுதியை இணையத்தில் பார்த்தோம். வாய்ப்பூட்டு வாயைத் திறந்ததும் அப்பா படத்தை நிறுத்தினார். “பிள்ளை, நீ படிச்சனி. உண்மையா இவன் என்ன சொல்லுறான்?” இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கக்கூடியதையும் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“நேர்முகத்துக்குப் போன அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?”

நான் கைகளைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தேன். அப்பா மூன்று தரம் கேட்டார்.