பேசாதிருந்த ஒலிபெருக்கி

எங்கள் கரையின் மீனவர் சங்க அறையில், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில், ஒரு சிறிய கணினி இருக்கிறது. வானிலைச் செய்தியில் பலத்த காற்று வருமென்றிருந்தால், படகுகள் இறங்குமுன் அதனை உரக்க வாசிக்கும் நிரலொன்றை எழுதிக் கொடுத்தவன் நான். கூரைமேலுள்ள ஒலிபெருக்கி வழியே அந்தக் குரல் நிலாவெளிக் கரை நெடுகக் கேட்கும்.

கோப்புகளின் பெயர் முதல் உள்ளிருக்கும் சொற்கள் வரை அனைத்தையும் தமிழிலேயே அமைத்தேன். பிழை நேரும்போது திரையில் ஆங்கில வரிகள் கொட்டுவது எனக்குப் பிடிக்காது. அவற்றை எங்கும் காட்டாமல் விழுங்கிவிடும்படி நிரலுக்குக் கட்டளையிட்டேன். காற்றில்லாத நாளில் அது வாய் திறக்கலாகாது என்றும் விதித்தேன். வேண்டாத சொல் எனக்கு எப்போதும் பகை.

மின்சாரம் அடிக்கடி போய்வரும் ஊர் இது. ஆகவே, ஒருவரும் கடவுச்சொல் கொடுத்து நுழையாவிட்டாலும், கணினி எழுந்தவுடன் நிரலும் தானே எழும்படி அதனை ஒரு சேவையாகப் பதிந்தேன். பதிந்தபின் கணினியை அணைத்து, மீண்டும் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. என் கணக்கில் நுழைந்து என் கையாலேயே இயக்கினேன், பிசிறில்லாமல் வாசித்தது. அதிலேயே மயங்கிவிட்டேன்.

என் தங்கையின் கணவரான மச்சான் அன்று அருகில் நின்றார். அவருக்குக் கடல்தான் தொழில்.

"மச்சான், கரண்ட் போய் வந்தாலும் இது கதைக்குமோ?"

"ஓம். ஆளே தேவையில்லை."

"அப்ப சத்தம் இல்லையெண்டா காத்தும் இல்லை?"

"ஓம்."

கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவது. கரையோரம் நீர் தட்டையாகக் கிடக்க, வெளியே கடல் குமுறிக்கொண்டிருக்கும். நின்று பார்த்துக் கண்டுகொள்வது அரிது. அந்தப் பருவத்தில் ஒருநாள், விடியுமுன் மின்சாரம் நின்று மீண்டது. வானிலைச் செய்தியில் காற்று எச்சரிக்கை இருந்தும் ஒலிபெருக்கி பேசவில்லை. முதலில் படகை இறக்கியவர் மச்சான்.

மாலையில்தான் வந்து சேர்ந்தார். எஞ்சின் நின்றுபோன படகைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கரை திரும்பிய பெரிய கலமொன்று அதனைக் கட்டியிழுத்துத் துறைமுகத்தில் விட்டது. வலைகள் போய்விட்டன. அதுவரை தங்கை கரையிலேயே நின்றாள். அவளருகே நிற்கத் துணியாமல் நான் சங்க அறைக்குள் சென்று கணினியைத் திறந்தேன். பிழைகளை விழுங்காதே என்று நிரலை மாற்றியதும் காரணம் வெளிப்பட்டது. என் கணக்கில் இயங்கியபோது, தமிழை வாசிக்கவல்ல என் மொழி அமைப்பு அதற்கும் கிடைத்திருந்தது. சேவையாக எழும்போது அது கிடைப்பதில்லை. முதல் தமிழ் எழுத்திலேயே நிரல் தடுக்கி நின்றுவிட்டது. படிக்கப்போவது இன்ன எழுத்துமுறை என்று ஒரே வரியில் அதற்குச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சங்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எனக்காகப் பேசியவர் மச்சான்.

"கரண்ட் போனதுக்கு அவர் என்ன செய்யிறது?"

"அவற்ற பெட்டிக்கு எங்கட பாஷை தெரியாது போல," என்றார் பின்னாலிருந்த ஒருவர். சிரித்தார்கள்.

"உண்மைதான்," என்றேன். "கரண்ட் திரும்பி வந்தது. பிழை என்ர."

சிரிப்பு அடங்கியது. மச்சான் நான் உட்காரக் கதிரையொன்றை இழுத்து என் பக்கம் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது காற்றில்லாத நாளிலும் ஒலிபெருக்கி, "இன்று காற்று எச்சரிக்கை இல்லை" என்கிறது. திருத்திய அன்று கணினியை அணைத்து ஏற்றி, கை வைக்காமல் நின்று, அதன் குரலைக் கேட்டபின்பே வீடு திரும்பினேன். ஆயினும் வைகறைதோறும் என் கைப்பேசி ஒலிக்கிறது.

"மச்சான், பெட்டி காத்து இல்லையெண்டுது. நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் குரலில் குத்தல் இல்லை. வானிலைச் செய்தியை மீண்டும் வாசிக்கிறேன், பிறகு இன்னொருமுறை. முன்பு அத்தனை எளிதாகச் சொன்ன "ஓம்" இப்போது அதன்பிறகே வாயில் வருகிறது. மறுமுனையில் மணலில் படகு உரசி இறங்கும் ஓசை கேட்கும். அதன்பின்பும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்க மனம் வருவதில்லை.