பழைய கணினியிலும் ஓட வேண்டும்

டயாலிசிஸ் நோயாளிகளை வேனில் அழைத்துப்போய்த் திரும்ப வீட்டில் கொண்டுவிடும் சங்கம் எங்களுடையது. சிங்கப்பூரில், தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம். பதினான்கு வேன்கள், ஏறக்குறைய இருநூறு நோயாளிகள். எந்த வேன் யார் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பட்டியலைக் கணினிதான் போடும். ஆனால் வழியில் ஒரு வேன் நின்றுவிட்டால், புதுப் பட்டியல் வரப் பதினொரு நிமிடம் ஆகும். அதுவரை யார் பொறுப்பார்கள்? தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு நானே கையால் எழுதிவிடுவேன்.

ஜோவன்னா அந்தக் கோலத்தில்தான் என்னை முதலில் பார்த்தார். செங்காங்கில் இருப்பவர், நாற்பத்தைந்து வயது. அவருடைய தேவாலயத்தில் தொண்டூழியர் வேண்டுமென்று அறிவித்திருந்தோம். சனிக்கிழமைகளில் தொலைபேசி எடுக்க வந்தார். முதல் நாளே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பஞ்சவர்ணம்க்கா, இது ஏன் இவ்ளோ ஸ்லோ?" என்று கேட்டார்.

"எனக்கென்னம்மா தெரியும்? வாங்கினதிலேர்ந்து இப்படித்தான்."

அவருடைய வேலை என்ன என்று அன்றுதான் தெரிந்தது. சாங்கி பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். ஆனால் நிரல் எழுதும் குழுவில் இல்லை. மற்றவர்கள் எழுதியதை எல்லாம் சேர்த்து, ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டி, கணினிகளில் நிறுவித் தரும் வேலை. அதற்கு 'பில்டு' என்று பெயர். "ஓடினா யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. ஓடலைன்னாதான் என் பேர் ஞாபகம் வரும்" என்று சிரித்தார்.

எங்கள் மென்பொருளை எழுதியவர் ஒரு பழைய தொண்டூழியர்; இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். ஜோவன்னா அவரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி, இரண்டு வாரம் அதைப் படித்தார். கணக்குப் போடும் முறை சரிதான், தகவலை எடுத்து வைக்கிற இடங்கள்தான் மெதுவாக இருக்கின்றன என்றார். அந்த இடங்களுக்கு மட்டும் வேகமான பாகங்களை யாரோ ஏற்கெனவே எழுதி, எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்களாம். திறந்த மூல நிரல் தொகுப்பு என்பார்கள்.

"தேக்கா மார்க்கெட்ல அரைச்ச மசாலா வாங்குறோம்ல? அது மாதிரிக்கா. நல்லா அரைக்கத் தெரிஞ்சவங்க அரைச்சு வச்சிருக்காங்க. நாம குழம்பு வைக்க வேண்டியதுதான்."

ஆனால் அந்த மசாலாவை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அந்தத் தொகுப்பை நிறுவ வேண்டுமென்றால் அதற்கு முன் வேறு பதினொரு தொகுப்புகள் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். அதிலும் குறிப்பிட்ட பதிப்புதான் சேரும். மூன்று சனிக்கிழமைகள் போயின. நான்காவது சனிக்கிழமை தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து பட்டியலைப் போட்டுக் காட்டினார். நாற்பது விநாடி! நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

அதையே எங்கள் அலுவலகக் கணினியில் ஏற்றினார். திறந்த மறு நொடியே மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார், மறுபடி மூடிக்கொண்டது.

வேன்களைக் கவனிக்கும் ரமீஸ் எட்டிப் பார்த்தார். "அது பன்னெண்டு வருஷ மெஷின் லா. புதுசு கேட்டா யாராச்சும் டொனேட் பண்ணுவாங்க."

"கேக்கலாம் அண்ணே. ஆனா முதல்ல ஏன் சாகுதுன்னு தெரியணும்" என்றார் ஜோவன்னா.

ஒரு வாரத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டார். தொகுப்பைக் கட்டும்போது, எந்தக் கணினியில் கட்டுகிறோமோ அதன் திறமையைப் பார்த்து, அதற்கேற்ற கட்டளைகளை உள்ளே வைத்துவிடுகிறது. அவருடைய மடிக்கணினி புதியது. அந்தப் புதிய கட்டளைகள் எங்கள் பழைய கணினிக்குப் புரியவில்லை. பழையதிலேயே கட்டிப் பார்த்தார். நினைவகம் போதாமல் பாதியில் நின்றது. கடைசியில் தன்னிடமிருந்த பிரதியில், அந்தப் புதிய கட்டளைகளைச் சேர்க்கும் ஒரு வரியைக் கையால் மாற்றி மடிக்கணினியில் கட்டினார். எங்கள் கணினியில் பட்டியல் ஐம்பத்தைந்து விநாடியில் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பாசிர் ரிஸ் போகும் வேன் விரைவுச்சாலையில் நின்றுவிட்டது. அதில் ஏற வேண்டியவர்கள் ஐந்து பேர். அவர்களில் தில்லையம்பலம் ஐயா சனிக்கிழமை சிகிச்சைக்குக் காய்ச்சலால் வரவில்லை. அன்றும் தவறினால் ஆபத்து. நான் பொத்தானை அழுத்தினேன். ரமீஸ் ஓட்டுநரோடு பேசி முடிப்பதற்குள் புதுப் பட்டியல் திரையில் இருந்தது. வேறு இரண்டு வேன்கள் அந்த ஐந்து பேரை ஏற்றத் திரும்பின. ஐயா இருபது நிமிடத் தாமதத்தில் சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்து, "என்ன பிள்ளை, இண்டைக்கு வேற டிரைவர்?" என்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

எங்கள் தேவை அதோடு முடிந்தது. நானாக இருந்தால் அங்கேயே கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஜோவன்னா விடவில்லை. "நான் ஒரு வரியை மாத்தித் தப்பிச்சுட்டேன். அந்த வரி எங்க இருக்குன்னு தெரியாதவங்க என்னக்கா பண்ணுவாங்க?"

தொகுப்பை எழுதியவர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் பிரச்சினையை விளக்கி எழுதினார். மூன்று நாள் கழித்து ஒருவரிடமிருந்து ஒரே வரியில் பதில்: கணினியை மாற்றிக்கொள்ளுங்கள், இது வேகத்துக்காக எழுதப்பட்டது. எனக்குக் கோபமாக வந்தது. ஜோவன்னா அமைதியாகப் பதில் எழுதினார். வேகம் குறைய வேண்டாம். எந்தக் கணினிக்காகக் கட்டுகிறோம் என்று சொல்ல ஒரு வழி மட்டும் போதும், அதை நானே எழுதித் தருகிறேன் என்று.

பழைய கணினிகளில் அது ஓடும் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது, 'பழைய கணினி இருந்தால் இரண்டு வாரம் கடன் தாருங்கள்' என்று வாசிக்கச் செய்தார். ஏழு வந்தன. அல்போன்சம்மாள் என்ற ஒரு அம்மா, மகன் படித்த காலத்துக் கணினியைத் தள்ளுவண்டியில் வைத்து எம்ஆர்டி ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். செங்காங் வீட்டின் சாப்பாட்டு மேசை முழுக்கக் கணினிகள். ஜோவன்னாவும் கணவர் ரிச்சர்டும் ஒரு மாதம் சோபாவில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள்.

மாற்றத்தை எழுதி அனுப்பியதும் ஒன்பது முறை திருத்தச் சொன்னார்கள். ஒன்பது முறையும் திருத்தினார். நான்காம் மாதம் மாற்றம் ஏற்கப்பட்டது. இரண்டே நாளில் வேறொரு வகைக் கணினி வைத்திருந்த மூன்று பேர், இப்போது எங்களால் நிறுவ முடியவில்லை என்று எழுதினார்கள். தவறு ஜோவன்னாவுடையதுதான். அன்று தேக்கா சாப்பாட்டுக் கடைத்தொகுதியில் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் தேத்தண்ணீரைத் தொடவே இல்லை. 'பிழை என்னுடையது, என் மாற்றத்தை இன்றே விலக்கிவிடுங்கள்' என்று கைபேசியில் எழுதினார்.

"இவ்ளோ உழைச்சு நீங்களே எடுக்கச் சொல்றீங்களே?"

"அவங்களுக்கு நேத்துவரை ஓடிட்டிருந்துச்சுக்கா. என்னால நிக்கக் கூடாது."

பதினெட்டு நாளில் சரிசெய்து திரும்ப அனுப்பினார். இந்த முறை எவருக்கும் எதுவும் உடையவில்லை. கணினியை மாற்றச் சொன்ன அதே மனிதர், நிறுவும் பகுதியின் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டு எழுதினார். நேபாளத்தில் ஒரு மலையோரப் பள்ளியிலிருந்தும் கடிதம் வந்தது. அங்கே மழையளவு கணக்கிடும் பழைய கணினியில் தொகுப்பு ஓடுகிறதாம். ஜோவன்னா அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

பொறுப்பு வந்ததும் அவர் முதலில் கைவைத்தது, தொகுப்பை எப்படி நிறுவுவது என்று சொல்லும் பக்கத்தில். அதைத் திருத்தி எழுதிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, இதைப் பார்த்து என் லேப்டாப்ல நீங்க இன்ஸ்டால் பண்ணுங்க."

"நானா? எனக்கு வாட்ஸ்அப்பே தகராறு!"

"அதனாலதான். நீங்க எங்க நிக்கிறீங்களோ அங்க நான் எழுதினது தப்பு."

வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லி, பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தட்டினேன். முதல் சனிக்கிழமை பத்தொன்பது இடத்தில் நின்றேன். ஒவ்வொரு முறையும் பின்னால் அவர் எதையோ எழுதும் சத்தம் கேட்டது. அடுத்த சனிக்கிழமை ஆறு இடம். அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு இடம். ஒரு சொல்லை மாற்றினார். நான்காம் வாரம் மதியம் சாப்பிடப் போகும் முன் ஆரம்பித்தேன். வரிகள் திரையில் ஓடிக்கொண்டே இருந்தன. பிரியாணி வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், கடைசியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: நிறுவப்பட்டது.

"ரமீஸ், இங்க வாங்க, நான் இன்ஸ்டால் பண்ணிட்டேன்!" என்று கத்தினேன். ஜோவன்னா தன் பொட்டலத்தைப் பிரித்தபடி, "ஊறுகாய் இருக்காக்கா?" என்று கேட்டார்.