புது வீட்டில் தீய்ந்த பால்

பெரம்பலூரில் நான் கல்லாவில் இருந்த பேக்கரியில் பால் காய்ச்சுவதற்கென்றே ஓர் அக்கா இருந்தார். ஒல்லியான உருவம், இழுத்துச் செருகிய சேலை, சூடுபட்டுத் தழும்பேறிய முன்கைகள். பன் மாவில் ஊற்றும் பாலை அவர் கொதிக்க விடமாட்டார். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுவார். அதுவரை கரண்டி நிற்காது. யார் பேசினாலும் பதில் வராது.

முதலாளி புது வீடு கட்டிக் குடிபோனபோது கடையிலிருந்த எல்லோரையும் அழைத்திருந்தார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்தோம். அக்காவை மட்டும் வாசல் பந்தலோடு நிறுத்திவிட்டார்கள். அவர் அரும்பாவூர்ப் பக்கம் காலனியிலிருந்து வருகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாயசத்துக்கு வைத்த பால் அடிபிடித்து வீடெங்கும் தீய்ந்த வாடை. முதலாளியின் மனைவி வாசலுக்கு ஓடி வந்தார்.

"பால் அடிபிடிச்சுப் போச்சு. என்ன செய்யறதுன்னு சொல்லு."

"உள்ள வந்து பாத்தாத்தான் சொல்ல முடியுங்க" என்றார் அக்கா.

அந்த அம்மாள் தயங்கி நின்றார். பிறகு, "வேணாம், நாங்களே பாத்துக்கறோம்" என்று திரும்பிவிட்டார்.

தீய்ந்த பாயசத்தையே எல்லோருக்கும் ஊற்றினார்கள். அக்காவுக்குப் பேப்பர் கப்பில் கொண்டுபோனார்கள். அவர் வாங்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். இனிமேல் கடைக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வந்து அடுப்பைப் பற்றவைத்தார். முதலாளி எட்டிப் பார்த்து, "பால் அடிபிடிக்காம பாத்துக்க" என்றார்.

"சரிங்க" என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லை எப்படி அவ்வளவு அமைதியாகச் சொன்னார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.